காளியாத்தாள் நிமிர்ந்து நின்ற படம்

காளியாத்தாள் வீட்டில் களைக்கொத்து எப்போதும் உத்தரத்துக்கு மேலேதான் இருக்கும். காட்டிலிருந்து வந்ததும் மண்ணைத் தட்டி, எம்பி, ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் செருகிவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள். மற்ற வீடுகளில் அது வாசற்படியோரம் கிடக்கும். கோழி அதன் மேல் ஏறி நிற்கும்.

"ஒரு கொத்துக்கு இத்தன மரியாதையா?" என்று பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் கேட்டுச் சிரிப்பாள்.

மரியாதை ஒன்றுமில்லை. மகளின் கைக்கு அது எட்டக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் அன்புக்கரசிக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. மாசாணியம்மாள் வாசலில் கிடந்த கொத்தை எடுத்து, பெரியவர்களைப் போல இடுப்பில் பாவாடையைச் செருகிக்கொண்டு மண்ணைக் கொத்தி விளையாடினாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த காளியாத்தாள் குடத்தைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். கொத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அடிக்கப் போகிறாள் என்று குழந்தை முகத்தை மூடிக்கொண்டது. அடி விழவில்லை. சிந்திய தண்ணீரிலேயே உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு காளியாத்தாள் அழுதாள்.

"இத இனித் தொடமாட்டேன்னு சொல்லு சாமி. சொல்லு."

எதற்கு என்று தெரியாமலேயே குழந்தை சொன்னது.

அந்த ஒரு சொல்தான் அன்புக்கரசியைக் கிணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு விடுதிக்கும், அதன் பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கும் இழுத்துக்கொண்டு போனது. மனையியலில் பட்டம் வாங்கினாள். மேல்பட்டமும் வாங்கினாள். "பொட்டப் புள்ளைக்கு இன்னும் எத்தன படிப்பு?" என்று யாராவது கேட்டால், தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கும் அப்பா ஐயாசாமிக்குப் பதில் ஒன்றுதான். "அது அவிக அம்மாளுக்கும் மகளுக்கும் இருக்கற பேச்சுங்க. நடுவால நான் போறதில்லீங்க."

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவள் எம்.ஃபில். ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு எடுத்தாள். களை வெட்டும் பெண்களின் முதுகுவலி. வழிகாட்டியான ராமாமணி மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏன் இது?" என்று கேட்டார். "ஊர்ல இதுதானுங்க மேடம் எல்லாருக்கும் வேலை" என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பொழுது சாய்ந்து வரும் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வது. ஒருநாளும் "வலிக்குது" என்று சொல்லாத வாய் அது. கேட்டால், "காத்து வாங்கறேன் கண்ணு" என்பாள்.

வலியைக் கணக்கெடுக்க மேடம் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. பெரிய தாளில் ஒரு பெண்ணின் முதுகுப்புறமும் முன்புறமும் வெறும் கோட்டில் வரைந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். தொட்ட இடம் மறந்துபோகக் கூடாது என்பதற்காக அன்புக்கரசி ஒரு யோசனை செய்தாள். டவுன்ஹால் பக்கம் அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொண்டு போனாள். வலிக்கிற இடத்தில் ஒரு பொட்டு.

பெண்களுக்கு அது பிடித்துப்போனது. மாசாணியம்மாள் படத்தின் இடுப்பில் ஒன்று, முட்டியில் ஒன்று, தோளில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போனாள். "இன்னொரு அட்ட குடு அம்மணி, எனக்குப் பத்தாது." கடைசியாகக் காளியாத்தாள் முறை வந்தது. பொட்டை விரல் நுனியில் வாங்கினாள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள். முன்புறப் படத்தின் நெற்றியில் நடுவாக வைத்து அழுத்தினாள்.

"பொம்பள படத்த வெறும் நெத்தியா வெச்சிருக்கறயே கண்ணு. பாக்கவே நல்லாயில்ல."

"அம்மா, வலிக்கற எடத்துல வெக்கோணும்."

"வலிச்சாத்தான வெக்கறது?"

தெருவே சிரித்தது. அன்புக்கரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தன் படிவத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே 'வலி இல்லை' என்று எழுதியபோது பேனா கொஞ்சம் நின்றது.

மார்கழியில் அந்தச் செய்தி வந்தது. தை கடைசியில் கோயம்புத்தூரிலேயே ஒரு பெரிய கருத்தரங்கு. டில்லியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். மாணவர்கள் மேடையேறிப் பேச வேண்டாம். செய்த ஆராய்ச்சி முழுவதையும் ஒரே சார்ட்டில் படமும் எழுத்துமாக ஒட்டி, பலகையில் மாட்டி, பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் போஸ்டர் என்று பெயர். துறையில் யாருமே அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை.

"நல்லா அமைஞ்சா பி.எச்.டி.க்கு உன்னை எங்கிட்டயே எடுத்துக்கறேன்" என்றார் மேடம். "வெறும் எழுத்தா இருந்தா ஒருத்தரும் நிக்கமாட்டாங்க. நடுவுல ஒரு போட்டோ வேணும். பெண்கள் குனிஞ்சு களை வெட்டற போட்டோ. முதுகு வளைஞ்சிருக்கிறது ஒரே பார்வையில தெரியணும். அது இல்லாம இந்தப் போஸ்டர் இல்லை."

விடுதியில் அறைத்தோழி லோகப்பிரியாவிடம் கேமரா இருந்தது. சூலூரில் அவர்களுக்குத் தறிப்பட்டறையும் தோட்டமும் உண்டு. கேட்டதும் கொடுத்துவிடும் மனசும் உண்டு. புது ஃபிலிம் சுருள் போட்டுக் கொடுத்து, "எதை வேணும்னாலும் தொடு, பின்னாடி இருக்கற மூடியை மட்டும் தொறந்தராத புள்ள" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்புக்கரசி செய்த தவறு ஒன்றே ஒன்று. முந்தின நாளே ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். நாளைக்குக் காட்டுக்கு வந்து போட்டோ எடுக்கிறேன், கோயம்புத்தூரில் பெரிய பெரிய ஆட்கள் பார்ப்பார்கள் என்று.

மறுநாள் காலை தக்காளிக் காட்டு வரப்பில் அவள் கண்ட காட்சி ஆயுசுக்கும் மறக்காது. களை வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நோம்பிக்கு எடுத்த சீலை, கல்யாணத்துக்கு எடுத்த சீலை, தம்பி மனைவியிடம் இரவல் வாங்கிய சீலை. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. கனகாம்பரம். முகத்தில் பவுடர், வியர்வையில் அங்கங்கே திட்டுத் திட்டாக. நடுவில் காளியாத்தாள், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சீலையோடு. பெட்டியின் அடியில் பாச்சா உருண்டையோடு பல வருடம் கிடந்த சீலை அது. ஒருத்தி கையிலும் கொத்து இல்லை.

"என்னம்மா இது? வேலை செய்யற மாதிரி எடுக்கோணும்."

"பொறகு வேலை செஞ்சுக்கலாம். நீ எடு" என்றாள் மாசாணியம்மாள். "எந்தச் செவுத்துல அம்மணி ஒட்டுவீங்க? எங்கூட்டுக்காரரு பஸ்ஸுல போகையில பாக்கற மாதிரி ஒட்டச் சொல்லு. என்ற மூஞ்சிய அந்தாளு நேராப் பாத்து வருசமாச்சு."

"செவுத்துல இல்லீங்க அக்கா, காலேஜுக்குள்ள. அம்மா, நீயாவது சொல்லு. செத்த நேரம் குனிஞ்சு நின்னாப் போதும்."

காளியாத்தாள் மகளைப் பார்த்தாள். கோபமில்லை. ஆனால் அசையவும் இல்லை.

"நாம குனிஞ்சு கெடக்கறத இந்த ஊருல பாக்காதவிக ஆரு கண்ணு? காட்டுக்காரப் பண்ணாடி பாத்தாச்சு. ரோட்டுல போற பஸ்ஸுக்காரன் பாத்தாச்சு. நிமுந்து நிக்கறதத்தான் ஒருத்தரும் பாத்ததில்ல. எடுக்கறதுன்னா அத எடு."

அதுவரை காளியாத்தாளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. கல்யாணத்தன்றுகூட எடுக்கவில்லை. அன்புக்கரசிக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். சின்னக் கண்ணாடிக்குள் அம்மா தெரிந்தாள். கைகளை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, மூச்சை அடக்கி, கொடிக்கம்பம் மாதிரி நேராக. சுருள் தீரும்வரை எடுத்தாள். தனித்தனியாக, ஜோடியாக, எல்லோருமாக.

"என்ற போட்டோ கட்டாயம் வருமில்ல?" என்று வழியனுப்பும்போது காளியாத்தாள் கேட்டாள்.

"வரும்மா."

ஸ்டுடியோவில் கழுவி வந்த படங்களை ராமாமணி மேடம் மேசையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

"இது என்ன அன்புக்கரசி, கல்யாண ஆல்பமா?"

அவள் தலைகுனிந்தாள்.

"முதுகுவலின்னு தலைப்பு. படத்துல எல்லாரும் அணிவகுப்புல நிக்கற மாதிரி நிக்கறாங்க. பார்க்கறவங்க, இவங்களுக்கு என்ன குறைன்னு கேட்பாங்க. இது எதுவும் போஸ்டர்ல வரக் கூடாது. எனக்கு வளைஞ்ச முதுகு வேணும். இல்லேன்னா உன் பேரை எடுத்துட்டு வேற பொண்ணு பேரைக் கொடுக்கறேன்." கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மறுபடியும் கேட்டாள். காளியாத்தாள் அடுப்பில் பொங்கிய பாலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உன்ற அம்மா மண்ணப் பாத்துக் குனிஞ்சு கெடக்கறத சட்டம் போட்டு மாட்டோணுமா கண்ணு? நீ வேற என்ன கேட்டாலும் செய்யறேன். இது மாண்டாம்."

அவள் மாட்டேன் என்ற பிறகு தெருவில் வேறு யாரும் குனிய வரவில்லை.

லோகப்பிரியாதான் வழி சொன்னாள். "எங்க தோட்டத்துக்கு வா. வெங்காயத்துக்குக் களை வெட்டிட்டு இருக்காங்க. சத்தமில்லாம எடுத்துக்கலாம்."

சத்தமில்லாமல்தான் போனார்கள். ஆனால் வாய்க்கால் மேட்டில் கேமராவோடு இரண்டு பெண்களைக் கண்டதும், குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். ஒருத்தி தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். வயதான ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, "அம்மணி, ஊட்டுக்குப் போயி வேற சீலை கட்டிட்டு வந்தர்றனுங்களா? பக்கந்தானுங்க" என்று கேட்டாள். அவள் நிமிர்ந்து நின்ற விதத்தில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்ட விதத்தில், அச்சு அசல் காளியாத்தாள்.

லோகப்பிரியா சிரித்துவிட்டாள். "ஏனுங்க, அப்படியே குனிங்க" என்று அதட்டப் போனவளின் கையை அன்புக்கரசி பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் பிரியா."

"உனக்குப் போட்டோ வேணுமா வேண்டாமா?"

"எங்கம்மாவை நிக்க வெச்சுப்போட்டு இன்னொருத்தரோட அம்மாவைக் குனியச் சொல்றதா? நீ கேமராவை வெச்சுக்கோ. நான் குனியறேன்."

அவள் விடுதியில் போர்த்திக்கொள்வது அம்மாவின் பழைய நூல் சீலை. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நீலம். சூலூர் பஸ் காலையில் குளிரும் என்று பையில் வைத்திருந்தாள். மோட்டார் அறைக்குள் போய் அதைக் கட்டிக்கொண்டாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். தலையில் துண்டு. வாய்க்கால் ஓரம் ஒரு கொத்து கிடந்தது. அதன் முன் நின்றுவிட்டாள்.

இத இனித் தொடமாட்டேன்னு சொல்லு சாமி.

பதினெட்டு வருடமாகக் காப்பாற்றிய சொல். தூரத்துக் கிணத்துக்கடவில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் போலிருந்தது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, எடுத்தாள். பிடி வழவழவென்று, இன்னொருத்தியின் கைச்சூடு மாறாமல் இருந்தது.

குனிந்தாள்.

"முகம் தெரியுது. இன்னும் குனி." லோகப்பிரியா மேட்டில் ஏறினாள், இறங்கினாள், வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போனாள். "மேகம் மறைக்குது, அப்படியே இரு." மேகம் அவசரப்படவில்லை. முதலில் தொடையின் பின்பக்கம் இழுத்தது. பிறகு இடுப்பில் யாரோ ஒரு கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. பிறகு அந்த விரல் உள்ளே போனது. ரத்தம் முகத்தில் இறங்கிக் கண் கனத்தது. படிவத்தில் அவள் நூறு பெண்களிடம் கேட்டு எழுதிய வார்த்தைகள் எல்லாம், சுருக், குடைச்சல், பிடிப்பு, ஒவ்வொன்றாக வந்து அவள் இடுப்பில் உட்கார்ந்தன.

"ஆச்சு, நிமிரு" என்றாள் லோகப்பிரியா.

நிமிர முடியவில்லை. கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். பிடித்துக்கொள்ள ஒரு நிலைப்படி இருந்தால் தேவலை என்று கை தானாகக் காற்றில் தேடியது. அந்தத் தேடலில்தான் அவள் உடைந்தாள். வெங்காயப் பாத்தி நடுவில் உட்கார்ந்து, முகத்தை அம்மாவின் நீலச் சீலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். வயதான அந்தப் பெண் ஓடி வந்தாள். "பழக்கமில்லாத ஒடம்பு அம்மணி, சுளுக்கிக்கிச்சு போல" என்று முதுகை நீவிவிட்டாள்.

விடுதி அறையில் அடுத்த சில நாட்கள் கட்டில்கள் சுவரோரம் போயின. தரை முழுக்க வெள்ளைச் சார்ட். ஐந்தடி தூரத்தில் நின்றாலும் எழுத்து தெரிய வேண்டும் என்பது கருத்தரங்கின் விதி. தலைப்பு எழுத்துகளை ஸ்டென்சிலில் வைத்துக் கறுப்பு மையில் லோகப்பிரியா நிரப்பினாள். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் அவளுக்கு எழுத வரும். கலர்க் காகிதத்தை வெட்டிப் பட்டை பட்டையாக ஒட்டினார்கள். இடுப்பு வலிக்குச் சிவப்பு, முட்டிக்குப் பச்சை, தோளுக்கு மஞ்சள். கணினி சென்டரில் அடித்து வாங்கிய ஆங்கிலப் பத்திகளுக்கு நாலு பக்கமும் நீலக் கரை. பசை காய்வதற்கு மேலே புத்தகம் அடுக்கினார்கள். பக்கத்து அறைப் பெண்கள் வந்து, மிதிக்காமல் ஓரமாக நின்று, "எங்களுக்கும் ஒரு வேலை குடு" என்று கேட்டு வாங்கி வெட்டினார்கள். அறையெங்கும் பசை வாசனை. அன்புக்கரசிக்குப் பிற்காலத்தில் எத்தனையோ கருத்தரங்குகள் வந்தன. அந்த வாசனை அவற்றில் எதிலும் இல்லை.

நடுவில் வளைந்த முதுகு. அதன் பக்கத்தில், தன் தெருப் பெண்கள் பொட்டு ஒட்டிய அதே படத்தாள், அழுக்குப் படாமல் வெட்டி ஒட்டியது. வலது கீழ் மூலையில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது.

ராமாமணி மேடம் வந்து பார்த்தார். போட்டோவின் முன் குனிந்தார்.

"இதுதான் நான் கேட்டது. நல்ல கோணம். யாரு இந்தப் பெண்?"

லோகப்பிரியா கத்திரியைப் பார்த்தாள். அன்புக்கரசி, "நான்தானுங்க மேடம்" என்றாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என்ன நடந்தது என்று கேட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அப்போ கீழே 'வேலை நிலையின் மாதிரிக் காட்சி'ன்னு எழுதிடு. பொய் இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பிறகு பொட்டுப் படத்தைக் காட்டி, "நெத்தியில ஒண்ணு இருக்கே. தலைவலியா?"

"இல்லீங்க மேடம். அது எங்கம்மா வெச்சது. வலி இல்லைன்னு சொல்லீட்டு."

மேடம் அதைப் பிய்க்கச் சொல்லுவார் என்று நினைத்தாள். அவர் வெறுமையாக இருந்த மூலையைத் தொட்டார். "இங்கே என்ன?"

"நன்றி எழுதற எடமுங்க."

"நன்றி மாணவரோட சொந்த விஷயம். அதுல நான் தலையிடறதில்லை" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

படி இறங்கும் செருப்புச் சத்தம் ஓயுமுன்பே லோகப்பிரியா ஸ்டுடியோ உறையைக் கொண்டுவந்து கொட்டினாள்.

கருத்தரங்கு நாளன்று கூடத்தில் பலகைகள் வரிசையாக நின்றன. குழாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்த சார்ட் விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு பச்சைப் பட்டைகள் உதிர்ந்தன. லோகப்பிரியா கைப்பையில் பசையோடு வந்திருந்தாள். வந்தவர்களில் பலர் நின்று பார்த்தார்கள். பொட்டு முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஹைதராபாத்துக்காரர் ஒருவர் மூலையைக் காட்டி, "இவர்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இந்த ஆராய்ச்சிக்குப் பதில் சொன்னவர்கள். நடுவில் நிற்பது என் அம்மா" என்றாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்து வாசலில் ஏதோ சலசலப்பு. காவலாளியிடம் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "எங்க போட்டோவப் பாக்க நாங்க போறதுக்கு ஆரு சீட்டுக் குடுக்கோணுமுங்க?"

மாசாணியம்மாள். பின்னால் மற்றவர்கள், அதற்கும் பின்னால் காளியாத்தாள். பொங்கலுக்கு வந்தபோது அன்புக்கரசி சொன்ன நாளை எண்ணிவைத்து, கிணத்துக்கடவிலிருந்து உக்கடத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். எல்லோரும் போட்டோவில் கட்டிய அதே சீலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தாங்கள்தான் என்று அடையாளம் தெரிய வேண்டுமே.

அம்மா வருவாள் என்று அன்புக்கரசி நினைக்கவே இல்லை. நடுவில் இருக்கும் படத்தை மறைத்து நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் பெண்கள் மூலையைக் கண்டுவிட்டார்கள்.

"அய்யோ, என்ற கம்மல் எப்படி மின்னுது பாரு. இரவல் கம்மல்னு ஆரு சொல்லுவா?"

"உன்ற வாயத் தொறக்காம இருந்தா ஆரும் சொல்ல மாட்டாங்க."

காளியாத்தாள் தன் படத்தை ஒருமுறைதான் பார்த்தாள். நேராக நிற்கிறாள் என்று உறுதி செய்துகொண்டாள், அவ்வளவே. பிறகு அவள் பார்வை மேலே ஏறி நடுப்படத்தில் நின்றது. குனிந்த முதுகு. முகம் தெரியவில்லை. நீலச் சீலை. அவள் கிட்டே போனாள். சீலையின் ஓரத்தில் தானே போட்ட தையல் தெரிந்ததோ, மண்ணில் ஊன்றிய காலின் கட்டைவிரல் வளைவு தெரிந்ததோ. பெற்றவளுக்கு இத்தனைகூட வேண்டியதில்லை.

"இது ஆரு?" என்று கேட்டாள். தெரிந்தே கேட்ட குரல்.

"அம்மா..."

"கொத்தத் தொட்டயா கண்ணு?"

சற்றுத் தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ராமாமணி மேடம் திரும்பிப் பார்த்தார்.

காளியாத்தாள் கையை நீட்டிப் படத்திலிருந்த முதுகைத் தடவினாள். பளபளப்பான அந்தக் காகிதத்தில் மேலிருந்து கீழாக, மெல்ல, காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தடவுவது போல. இடுப்புக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்க வலிச்சுதா?"

நூறு பெண்களிடம் அன்புக்கரசி கேட்ட கேள்வி. அவளிடம் அதைக் கேட்டது அம்மா ஒருத்திதான்.

"வலிச்சுதும்மா. நிமுரவே முடியல."

காளியாத்தாள் தலையை ஆட்டினாள். மறுக்கிற ஆட்டல் இல்லை. தெரியும், தெரியும் என்கிற ஆட்டல். கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த கோட்டுப் படத்தைப் பார்த்தாள். முன்புறப் படத்தின் நெற்றியில் தான் வைத்த பொட்டு அங்கேயே இருந்தது. கையைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனாள். கோயம்புத்தூருக்கு வருவதற்காக ஒட்டியிருந்த அரக்கு நிறப் பெரிய பொட்டை உரித்தெடுத்தாள். முதுகுப்புறப் படத்தின் இடுப்பில், மற்றவர்கள் ஒட்டிய பொட்டுகளுக்கு நடுவே இடம் தேடி, வைத்து அழுத்தினாள்.

"எனக்கும் அங்கதான் கண்ணு. நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்தே."

அன்புக்கரசி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாச்சா உருண்டை வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. பெரிய பெரிய ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

மாசாணியம்மாள்தான் முதலில் தேறினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொட்டு அட்டையை எடுத்தாள். வலிக் கணக்கெடுத்த அன்று அன்புக்கரசி கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. "சுமங்கலி வெறும் நெத்தியா நிக்காத, இந்தா" என்று ஒன்றைக் காளியாத்தாள் நெற்றியில் ஒட்டினாள். "வலிக்குதுன்னு சொல்றதுக்கு இவளுக்குக் கோயமுத்தூரு வரோணும், ஏ.சி. ரூமு வேணும். நாங்கெல்லாம் வரப்புலயே சொல்லிப்போட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். காளியாத்தாளும்.

ராமாமணி மேடம் கிட்டே வந்து புதுப் பொட்டைக் கவனித்தார். முடிவுகள் அச்சானபின் எண்ணிக்கையை மாற்றுவது வழக்கமில்லை. "ஆய்வேட்டுல திருத்திடு அன்புக்கரசி" என்றார். பிறகு காளியாத்தாளைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்க பொண்ணை இன்னும் நாலு வருஷம் எங்கிட்ட விடணும்."

"விட்டாச்சுங்களே" என்றாள் காளியாத்தாள். "பொறகு அந்தக் கொத்த மட்டும் அவ கையில குடுத்துராதீங்க."

போஸ்டருக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சுருட்டி அன்றைக்கே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பஸ்ஸில் மாசாணியம்மாள் மடியில் யாரையும் தொட விடாமல் வந்தது. அடுத்த வாரம் காளியாத்தாள் மகளோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடம் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். மருந்து கொடுத்தார்கள், பெல்ட் கொடுத்தார்கள். பெல்ட்டைச் சீலைக்கு உள்ளே கட்டுவதா மேலே கட்டுவதா என்று தெருவில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. அதன் பிறகு குனிகிற வேலைக்கு அவள் போகவில்லை. தக்காளி தரம் பிரிக்க உட்கார்ந்தாள்.

போஸ்டர் அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. ஆங்கிலப் பத்திகள் பழுப்பேறின. பட்டைகள் உதிர்ந்தன. பொட்டுகளும் பிசின் காய்ந்து ஒவ்வொன்றாக விழுந்து, இருந்த இடத்தில் வட்டம் மட்டும் மிஞ்சியது. ஆராய்ச்சி முடித்து அன்புக்கரசி வேலைக்குப் போன பிறகும், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பாள். மூலையில் மாம்பழ நிறச் சீலையில் அம்மா நிமிர்ந்து நிற்பாள். கோட்டுப் படத்தின் இடுப்பில் அரக்குப் பொட்டு இருக்கும்.

அது மட்டும் எப்படி விழாமல் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டாள்.

"விழாம என்ன? அதுபாட்டுக்கு விழுந்துட்டுத்தான் கெடக்குது" என்றாள் காளியாத்தாள். "நாந்தான் சோத்துப் பருக்க வெச்சு ஒட்டிப்போடறேன்."